பிளாக்கா, ரீல்ஸா? கடலூர் அம்மாவின் கேள்விக்கு என் பதில்

கேள்வி கேட்டவருக்கு வயது 62. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டது இதுதான்: "ஸ்மார்ட்போன் இருக்கிறது, வாட்ஸாப் மட்டும்தான் தெரியும். எனக்கும் டெக்னாலஜி தெரிய வேண்டும். மகன் பிளாக் எழுதச் சொல்கிறான், மருமகள் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடச் சொல்கிறாள். நிறைய பேருக்குச் சமைப்பது பற்றி எழுத ஆசை. எதில் தொடங்குவது? எத்தனை நாளில் வரும்? பணம் ஏதாவது போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. இந்த வயதில் இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது."

அம்மா, வணக்கம். பிளாக்கில், அதாவது உங்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்து எழுதுவதில், தொடங்குங்கள். ரீல்ஸ் ஆறு மாதம் காத்திருக்கட்டும். அதைவிட முக்கியமாக ஒன்று: இன்றிலிருந்து போனில் எந்தச் சிக்கல் வந்தாலும் போனை மகன் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லட்டும். தொடுகிற விரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியவர்கள் சிலருக்குக் கம்ப்யூட்டரும் போனும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அரியாங்குப்பத்திலிருந்து ஒரு அம்மா வருவார். அவருக்கு எல்லாவற்றையும் பேரன்தான் செய்து வைத்திருந்தான். மெயில் கணக்கு அவன் தொடங்கியது, பாஸ்வேர்டு அவன் போட்டது, ஓடிபி போவதும் அவன் நம்பருக்கே. அவன் வேலைக்குப் பெங்களூரு போனான். அடுத்த மாதமே அந்த அம்மாவின் போன் தண்ணீரில் விழுந்தது. புதுப் போன் வாங்கினார். ஆனால் பழைய படங்கள் இருந்த கணக்குக்குள் நுழைய முடியவில்லை. வீட்டுக்காரரின் கடைசி ஒரு வருடத்துப் படங்கள் அத்தனையும் அதில்தான். பேரன் தீபாவளிக்கு ஊருக்கு வரும்வரை அவர் பட்ட தவிப்பை நான் பார்த்தேன். பேரன் பாசமாகத்தான் செய்தான். ஆனாலும் பாட்டியின் வீட்டுச் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

என் அனுபவத்தில் டெக்னாலஜி தெரிந்தவர் என்றால், திரையில் ஏதோ தவறு என்று காட்டியதும் பதறி மூடிவிடாமல், என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர். படித்துவிட்டு ஒரே ஒரு மாற்றம் செய்து பார்ப்பவர். அவ்வளவுதான். எல்லா ஆப்பும் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்தப் பொறுமை வர வேண்டுமென்றால், சிக்கலின் அந்தப் பக்கம் உங்களுக்கு வேண்டிய ஒரு பொருள் இருக்க வேண்டும். உங்களுக்கு அது அந்தச் சமையல் குறிப்பு. அதை ஊர் பார்க்க ஏற்றியே தீர வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டால், நடுவில் வருகிற ஒவ்வொரு முட்டுக்கட்டையும் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும். வெறுமனே "கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளலாம்" என்று வகுப்பில் சேர்ந்தவர்கள் பாதியில் நிற்பதையும், கோலம் போடுவதைப் பற்றி எழுத வேண்டும் என்று வந்தவர் நாலே மாதத்தில் மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் அளவுக்கு வளர்ந்ததையும் ஒரே அறையில் பார்த்திருக்கிறேன்.

நான் வந்த வழியும் இதேதான். 2006-இல் புதுச்சேரியில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து முதல் பிளாக்கைத் தொடங்கினேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத்தான் உட்கார வேண்டும். எழுதியதை ஏற்றினேன், பதிவு வந்தது. ஆனால் திரையில் தமிழ் இல்லை, வரிசையாகக் கட்டங்கள். இன்னொரு மேசையில் போய்த் திறந்தால் கட்டம் இல்லை, ஆனால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து பிய்ந்து கிடந்தது. கடைக்காரரும் நானும் மண்டையை உடைத்துக்கொண்டோம். விண்டோஸ் எக்ஸ்பி வைத்த கம்ப்யூட்டரில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதியைத் தனியாக நிறுவ வேண்டும் என்றும், அதற்கு எக்ஸ்பி சிடி வேண்டும் என்றும் தேடித் தேடிக் கண்டுபிடித்தோம். அவர் மேசை இழுப்பறையிலிருந்து சிடியை எடுத்துப் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் என் பதிவு ஒழுங்கான தமிழில் நின்றது. எழுத்து என்பது ஒன்று, அதைக் காட்டும் ஏற்பாடு என்பது வேறொன்று என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. எந்தப் புத்தகத்தில் படித்திருந்தாலும் அப்படி ஒட்டியிருக்காது.

இன்றைக்கு அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை, போனை வாங்கும்போதே தமிழ் தெரிகிறது. ஆனாலும் எழுத்து உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். பிறகு பல விஷயங்கள் தானாகப் புரியும். போனில் "புதுச்சேரி" என்று தட்டுங்கள். நமக்கு அது பு, து, ச், சே, ரி என்று ஐந்து எழுத்து. இப்போது கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழியுங்கள். பல கீபோர்டுகளில் முதல் தட்டுக்கு "ரி" முழுதாகப் போகாது. மேலே இருக்கிற கொக்கி மட்டும் போய் "ர" நிற்கும். அடுத்த தட்டுக்குத்தான் "ர" போகும். காரணம், எல்லா மொழி எழுத்துகளையும் கம்ப்யூட்டரில் சேமிப்பதற்கான பொது முறையான யூனிகோடில் ப ஒரு இடம், அதன் உகரக் குறி ஒரு இடம், த ஒரு இடம், அதன் குறி ஒரு இடம் என்று அந்தச் சொல் பத்து இடத்தில் சேமிக்கப்படுகிறது. "கடலூர்" நமக்கு நாலு எழுத்து, போனுக்கு ஆறு. எக்ஸ் தளத்தில் (பழைய ட்விட்டர்) இலவசக் கணக்கில் 280 எழுத்துதான் ஒரு பதிவுக்கு என்கிறார்களே, அங்கே எண்ணப்படுவதும் இந்தக் கணக்குத்தான். தமிழில் எழுதினால் இடம் சீக்கிரம் தீர்ந்துபோவது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா.

இதிலேயே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பிளாக் எழுதுகிற எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. "ஔவையார்" என்பதில் முதல் எழுத்து ஔ என்ற ஒரே உயிரெழுத்து. பலர் அவசரத்தில் ஒ போட்டு, பக்கத்தில் ள போட்டுவிடுகிறார்கள். திரையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சொல். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் இடத்தில் ஒருவர் சரியான ஔ போட்டுத் தேடினால் உங்கள் பதிவு சிக்காது. "கௌரி"யும் அப்படித்தான். க, அதற்கு ஔகாரக் குறி என்று வர வேண்டிய இடத்தில் கெ, ள என்று தட்டிவிடுவார்கள். ஒரு நண்பரின் பிளாக்கில் தன் ஊர்க் கோயில் பற்றிய நல்ல பதிவு ஒன்று தேடலில் வரவே இல்லை. உட்கார்ந்து பார்த்தால் தலைப்பிலேயே இந்தத் தவறு. திருத்திய பிறகு தேடினால் கிடைத்தது.

தட்டச்சு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனில் ஜிபோர்டு, செல்லினம் என்ற இரண்டு கீபோர்டு ஆப்புகளில் எது கைக்கு வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் தமிழுக்கு இருக்கிறது, முதல் வரைவுக்கு நல்ல துணை. ஆனால் ல, ள, ழ குழப்பத்தையும் நிறுத்தக்குறிகளையும் நீங்கள்தான் கையால் சரிசெய்ய வேண்டும். கம்ப்யூட்டர் பக்கம் வரும்போது தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வந்த விசைப்பலகை அது. இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலான மெய். "அம்மா" என்று அடிக்க ஆங்கில விசைகளில் ஏ, கே, கே, கியூ என்று நாலே தட்டு, முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். இரண்டு வாரம் திணறும், அதற்குப் பிறகு வேறு எதற்கும் மாற மாட்டீர்கள்.

சரி, பிளாக் ஏன், ரீல்ஸ் ஏன் இல்லை?

பிளாக் உங்கள் வீடு மாதிரி, அதற்கு ஒரு முகவரி உண்டு. மூன்று வருடம் கழித்து ஒருவர் "நூறு பேருக்குப் பொங்கல் எவ்வளவு அரிசி" என்று தேடினால் உங்கள் வாசலுக்கு வர முடியும். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் கடைத்தெரு மாதிரி. கூட்டம் அங்கேதான் இருக்கிறது, போகாமல் இருக்க முடியாது. ஆனால் நேற்று அங்கே நீங்கள் பேசியதை இன்றைக்குத் தேடி எடுப்பது கஷ்டம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஏழெட்டு வருடமாக வடலூர், பண்ருட்டிப் பக்கத்து ஊர்களின் பெயர்க் காரணங்களை ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் எழுதி வந்தார். ஒருநாள் யாரோ அவர் கணக்கைக் களவாடி வேறு பெயர் வைத்துவிட்டார்கள். முறையிட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. நகல் எதுவும் வைத்திருக்கவில்லை. அத்தனை வருட உழைப்பையும் இழந்துவிட்டு, அவர் அதற்கப்புறம் எழுதவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. எழுதியதை முதலில் வீட்டில் வையுங்கள், பிறகு தெருவுக்குக் கொண்டுபோங்கள் என்று யாரிடமும் நான் சொல்வது அதனால்தான்.

நடந்ததை எழுதி வைப்பது எங்கள் புதுச்சேரிக்குப் புதிதும் இல்லை. எங்கள் ரங்கப்பிள்ளை வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார், சரக்கு என்ன விலை என்று அன்றன்றைக்குத் தன் நாளின் பேச்சுத் தமிழிலேயே எழுதி வைத்தார். பிரெஞ்சுச் சொல் வந்தால் அதையும் தமிழ் எழுத்திலேயே போட்டுவிட்டுப் போனார். இன்றைக்கு அந்தக் காலத்துப் புதுச்சேரியை அறிய வேண்டும் என்றால் அறிஞர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். உங்கள் சத்துணவுக்கூடத்தில் முப்பது வருடம் நடந்ததை உங்களைத் தவிர யாரும் எழுதப்போவதில்லை. மொழி எப்படி இருக்குமோ என்று தயங்கவே வேண்டாம். நீங்கள் பேசுகிற தமிழ் போதும்.

இனி செய்முறை. கூகுள் கணக்கு உங்கள் போனில் ஏற்கெனவே ஒன்று இருக்கும். அது யார் பெயரில், எந்த நம்பரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அமைப்புகளில் கூகுள் என்று இருக்கும் இடத்தைத் திறந்தால் தெரியும். கணக்கை மீட்பதற்காகக் கொடுத்திருக்கும் நம்பர் உங்களுடையதாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். தொடர்பில்லாத நாலு சொற்களைச் சேர்த்தால் நினைவிலும் நிற்கும், யாராலும் ஊகிக்கவும் முடியாது. பிறந்த வருடமும் பேரப்பிள்ளை பெயரும் வேண்டாம். அப்புறம் இருபடிச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு அடையாளமும் கேட்கும் வசதியை இயக்குங்கள். அதை இயக்கியபின் பத்து காப்புக் குறியீடுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். போன் தொலைந்தாலும் பாஸ்வேர்டோடு அதில் ஒன்றைக் கொடுத்து உள்ளே போகலாம். ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். பாஸ்வேர்டை நோட்டில் எழுதாதே என்று பிள்ளைகள் சொல்வார்கள். வீட்டுப் பீரோவுக்குள் இருக்கிற நோட்டை வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிற திருடன் படிக்க முடியாது. உங்கள் வயதில், மறந்துபோவதைவிட நோட்டு நல்லது என்பது என் கருத்து. அரியாங்குப்பத்து அம்மாவிடம் பாஸ்வேர்டும் அந்தப் பத்து எண்களும் இருந்திருந்தால் தீபாவளிவரை அழுதிருக்க மாட்டார்.

பிளாக் தொடங்கப் பிளாகர் என்ற தளம் போதும். 1999-இல் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது, இன்றுவரை இலவசம். வேர்ட்பிரஸ்ஸில் வசதிகள் அதிகம். ஆனால் முதல் நாளே அத்தனை பட்டன்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், பிறகு மாறிக்கொள்ளலாம். தொடங்கும்போது பெயர் தமிழில் வைக்கலாம், முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில் கேட்கும். சின்னதாக, போனில் சொன்னால் கேட்பவர் எழுதிக்கொள்ளும்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பின்னாளில் முகவரியை மாற்றினால் நீங்கள் முன்பு பகிர்ந்த லிங்குகள் எல்லாம் செத்துவிடும்.

முதல் பதிவு என்ன? நான் கேட்டால் "120 பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதம்" என்று எழுதச் சொல்வேன். தொடக்கப்பள்ளிக் கணக்கில் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்றால் 12 கிலோ. அதற்குப் பருப்பு, காய், தண்ணீர், எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவது, எந்த நேரத்தில் அடி பிடிக்கும் என்பதெல்லாம் உங்கள் கைக்குத்தான் தெரியும். எழுதி முடித்ததும் வெளியிட்டுவிடாதீர்கள். ஓரத்தில் நிரந்தர இணைப்பு என்று ஒரு பகுதி இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகர் அதிலிருந்து முகவரி செய்யத் தெரியாமல் "பிளாக்-போஸ்ட்" என்று பொதுவாக ஏதோ வைத்துவிடும். இருபது பதிவு போனால் எல்லாம் பிளாக்-போஸ்ட் ஒன்று, இரண்டு என்றுதான் நிற்கும். ஆங்கில எழுத்தில் "சாம்பார்-சாதம்-120" என்கிற மாதிரி நீங்களே அங்கே கொடுங்கள். வெளியிடும் முன்பே கொடுத்துவிட வேண்டும். வெளியிட்ட பிறகு மாற்றுவதென்றால் பதிவைத் திரும்ப வரைவாக்கித்தான் மாற்ற முடியும், அதற்குள் பகிர்ந்த லிங்கும் பயன்படாமல் போகும். என் முதல் வருடப் பதிவுகள் எல்லாமே அந்தப் பொதுப் பெயரில்தான் கிடக்கின்றன. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

லேபிள் என்று ஒரு பெட்டி இருக்கும். அது உங்கள் ஸ்டாக் ரிஜிஸ்டரில் அரிசி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் என்று பிரித்து எழுதுவீர்களே, அதேதான். ஒரு பதிவுக்கு இரண்டு லேபிள் போதும். ஒரே பொருளுக்கு "சாதவகை" என்று ஒருநாளும் "சாத வகைகள்" என்று இன்னொருநாளும் எழுதினால் இரண்டு தனிப் பக்கங்கள் ஆகிவிடும். முப்பது வருடம் ரிஜிஸ்டர் எழுதிய கைக்கு இது ஒரு பாடமே இல்லை.

அளவுகளை அட்டவணையாகப் போட ஆசை வரும். வேர்டிலிருந்து எடுத்து ஒட்டினால் கம்ப்யூட்டரில் அழகாக இருக்கும், போனில் வலது ஓரம் வெட்டுப்பட்டு நிற்கும். அப்போது எச்.டி.எம்.எல் பார்வை என்று இருப்பதை, அதாவது பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் குறிகள் இருக்கும் இடத்தை, ஒருமுறை திறந்து பாருங்கள். கோண அடைப்புக்குள் என்னென்னவோ எழுதியிருக்கும், பயப்பட வேண்டாம். அதில் அகலம் என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் இருக்கிற பெரிய எண்ணை எடுத்துவிட்டு 100 சதவீதம் என்று போடுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். மாற்றும் முன் அங்கே இருக்கிற முழுவதையும் நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டி வைத்துக்கொண்டால், கெட்டுப்போனாலும் பழையதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு எண்ணை மாற்றி, பக்கம் மாறுவதைக் கண்ணால் பார்க்கிற நாளில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காகவே சொல்கிறேன். கோலம் எழுதிய அந்த அம்மா அன்றைக்கு மேசையைத் தட்டி எழுந்து நின்றார்.

மாதம் ஒருமுறை அமைப்புகளுக்குப் போய்ப் பேக்கப் எடுங்கள். அந்தக் கோப்பில் எழுத்துகள் வரும், படங்களைத் தனியாகவும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் தொடாமலே கிடக்கிற கணக்கைக் கூகுள் நீக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

சமூக ஊடகத்துக்கு வருவோம். பதிவு வெளியானதும் லிங்கை வெறுமனே பத்துக் குழுவில் தள்ளாதீர்கள். அதிலிருந்து சுவையான இரண்டு வரியை எடுத்து, "சாம்பார் அடி பிடிப்பது எந்த நிமிடத்தில் தெரியுமா?" என்கிற மாதிரி எழுதி, கீழே லிங்கைக் கொடுங்கள். ஃபேஸ்புக்கில் அது வேலை செய்யும். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பில் லிங்க் போட்டால் தொட முடியாது, வெறும் எழுத்தாக நிற்கும். பிளாக் முகவரியைச் சுயவிவரப் பகுதியில் வைக்க வேண்டும். மருமகள் ஆசைப்படும் ரீல்ஸை அந்தச் சமயத்தில் தொடங்கலாம். இருபது பதிவு எழுதிய பிறகு ரீல்ஸில் சொல்ல உங்களிடம் இருபது விஷயம் தயாராக இருக்கும். படம் நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும், கூகுளில் கிடைத்ததை எடுத்துப் போடக் கூடாது. சத்துணவுக்கூடத்துப் பழைய படங்களில் பிள்ளைகள் முகம் இருந்தால் அதைப் போடாதீர்கள். அவர்களிடம் நாம் கேட்கவில்லை, இன்றைக்கு அவர்கள் பெரியவர்களாகி இருப்பார்கள்.

வாட்ஸாப்பில் இருப்பவர் என்பதால் இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து உங்கள் கடலூர்ப் பக்கம் ஊர்கள் மூழ்கின. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் எங்கள் தெருக் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. அணை உடைந்துவிட்டது, மொத்தப் பேரும் வெளியேறுங்கள் என்று ஒரு ஆள் அழாத குறையாகக் கத்தினார். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்தி என்பதற்கு வாட்ஸாப் போடும் அடையாளம் அது. பேசியவர் யார், எந்த நாள், எந்த ஊர் என்று ஒன்றுமே அதில் இல்லை. என் மாணவி ஒருவர், 66 வயது, கடலூரில் இருக்கிற தன் அக்காவுக்கு அதை அனுப்பும் முன் நிறுத்தினார். மாவட்ட அவசர உதவி எண் 1077-ஐக் கூப்பிடச் சொல்லி அக்காவிடம் சொன்னார். தண்ணீர் அதிகமாகத் திறந்துவிட்டிருப்பது உண்மை, அணை உடையவில்லை என்று அங்கே சொன்னார்கள். அதையே அவர் குழுவில் எழுதினார். அந்தக் குரல் பதிவு எங்கள் தெருவோடு நின்றது. அவருக்குக் கோடிங் தெரியாது. என்னைக் கேட்டால் அன்று எங்கள் தெருவில் டெக்னாலஜி நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். படமாக வந்தால், படத்தைக் கொடுத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய புயலின் படமாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

பணம் போய்விடுமோ என்று கேட்டீர்கள். பிளாக் எழுதுவதால் போகாது. போவது, யாரோ அனுப்பிய லிங்கைத் தொடுவதாலும் ஓடிபியைச் சொல்வதாலும்தான். உங்கள் பதிவு நாலு பேர் கண்ணில் பட்டதும், "உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியிருக்கிறது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும், இங்கே உள்நுழையுங்கள்" என்று செய்தி வரலாம். அவசரப்படுத்துகிற செய்தி எதுவும் அவசரம் இல்லை என்று எடுத்துக்கொண்டு, அந்த லிங்கைத் தொடாமல், நீங்களாகவே ஆப்பைத் திறந்து பாருங்கள். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டினால் வைத்துவிடுங்கள். நம் சட்டத்தில் வீடியோவில் கைது செய்வது என்று ஒன்று கிடையாது. ஒருவேளை பணம் போய்விட்டால் கூச்சப்படாமல் உடனே 1930-க்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை நடுவழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பிள்ளைகள் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் மறைத்து வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பிளாக்கில் பணம் சம்பாதிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 2018 முதல் தமிழ்த் தளங்களுக்கும் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் கிடைக்கிறது. ஆனால் முதல் வருடம் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம் என்பது என் ஆலோசனை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணத் தொடங்கினால் எழுதுவது நின்றுவிடும்.

தமிழிலேயே மேலே படிக்க வேண்டுமானால், ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுட்டோரியல் தளத்தில் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் போன்றவற்றுக்குச் சின்னச் சின்னப் பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாக இருக்கின்றன. கணியம் தளத்தில் கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். பத்துப் பதிவு எழுதிய பிறகு தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போய், உங்கள் ஊர்க் கட்டுரையில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். 2003-இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், தவறினால் பழைய நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்று அங்கே வரலாறு இருக்கும். அதைப் பார்த்தாலே ஒரு நல்ல பாடம். ஏஐ உதவியாளர்களிடமும் தமிழில் கேட்கலாம். ஆனால் திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே கொடுத்துக் கேளுங்கள். பாஸ்வேர்டு, வங்கி விவரம் எதையும் அங்கே எழுதாதீர்கள். உங்கள் பதிவை அது எழுதித் தர வேண்டாம், 12 கிலோ அரிசி வேகும் சத்தத்தை அது கேட்டதில்லை.

எத்தனை நாளில் வரும்? வாரம் ஒரு பதிவு, மூன்று மாதம். முதல் மாதம் ஒரு படத்தை ஏற்றவே அரைநாள் ஆகும். இரண்டாம் மாதம் எங்கே என்ன இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் மாதம் உங்களோடு வேலை பார்த்த யாராவது போன் செய்து, "அக்கா, இதை எப்படிப் போட்டீங்க, எனக்கும் சொல்லித் தாங்க" என்பார். அவருக்குச் சொல்லும்போது அவர் போனை நீங்கள் கையில் வாங்காதீர்கள்.

கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள். அதிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டி நூறு பிள்ளைகளுக்கு நேரத்துக்குச் சோறு போட்டவர் நீங்கள். அதுவும் கணக்கு, நேரம், ஆள், பொருள் எல்லாம் சேர்ந்த தொழில்நுட்பம்தான். பதிவு வந்ததும் லிங்கை அனுப்புங்கள், நான் முதல் கமெண்ட் போடுகிறேன். இப்போதே ஒன்று கேட்டு வைக்கிறேன்: 12 கிலோ அரிசிக்குப் புளி எவ்வளவு போடுவீர்கள், தக்காளி விலை ஏறின நாட்களில் அந்த அளவை எப்படி மாற்றுவீர்கள்?